நேத்து ஊட்ல இன்னா கொழம்பு?

முதலில் ஒரு மன்னிப்பு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். பெரிய 'ற' எங்கே, சின்ன 'ர' எங்கே என்பதில் இந்த நாற்பத்தெட்டு வயதிலும் எனக்கு நிச்சயம் கிடையாது. சந்தேகம் வந்த இடங்களில் இரண்டுக்கும் நடுவில் ஒரு எழுத்தைப் போட்டு வைத்திருக்கிறேன். பத்திரிகைக்காரர்கள் வேண்டியபடி படித்துக்கொள்ளட்டும். போதாக்குறைக்கு, யாராவது பார்த்தால் எனக்குக் கை நடுங்கும். இதை எழுதும்போது என் மகள் இரண்டு முறை எட்டிப் பார்த்தாள். அது எந்தெந்த வரி என்று தாளைப் பார்த்தாலே தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அம்பத்தூரிலிருந்து திருமழிசை வரை, நடுங்குகிற கையை மருந்து மாத்திரை இல்லாமல் நிறுத்தத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் டாக்டர் இல்லை, யோகா மாஸ்டர் இல்லை. பூந்தமல்லிக்கு அப்பால் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போனால் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. அங்கே ஆட வருகிறவர்களின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே நடக்கிறவர். எங்கள் தொழிலுக்குக் கேடி என்று பெயர். ஸ்டேஷன் சுவரில் போட்டோ ஒட்டுவார்களே, அது வேறு. இந்த வித்தியாசத்தைப் பெண் வீட்டாருக்குப் புரியவைக்க எங்களில் பலருக்கு ஒரு மாதம் ஆகும்.

அவரை எல்லோரும் கொழம்பு அண்ணாத்தே என்பார்கள். எங்களைவிட ஐந்தாறு வயது மூத்தவர். தலையில் எப்போதும் ஒரு ஈரத்துண்டு. மைதானத்தில் அத்தனை வருடம் நடந்தும் ஒரு தடவைகூட மட்டையைப் பிடித்து ஒரு பந்தை அடித்தது கிடையாது. திங்கட்கிழமை மைதானத்துக்கு விடுமுறை. அன்று காலை கேடிகள் ஆடிக்கொள்ளலாம் என்பது வழக்கம். எல்லோரும் ஆடுவோம். அவர் மட்டும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். கேட்டால், "எனுக்கு இன்னாத்துக்கு நைனா" என்பார்.

அவருடைய வைத்தியத்தை நான் முதலில் பார்த்தது ஒரு கோப்பைப் போட்டியில். அம்பத்தூர் எஸ்டேட்டில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஒரு முதலாளி ஆடிக்கொண்டிருந்தார். முந்நூறு பேருக்கு உத்தரவு போடுகிறவர். கடைசிக் குழிக்கு நாலடி தூரத்தில் பந்து. மெதுவாக உருட்டி உள்ளே தள்ளினால் கோப்பை அவருக்கு. மனிதரின் கால்சட்டை படபடவென்று ஆடுகிறது. காற்றே இல்லை.

கொழம்பு அண்ணாத்தே பையை இறக்கி வைத்தார். முதலாளியின் காதருகே குனிந்தார்.

"சார், நேத்து ஊட்ல இன்னா கொழம்பு?"

"என்னய்யா?"

"சோத்துக்கு இன்னா ஊத்திகினீங்கன்னு கேட்டேன் சார்."

"சோறே சாப்பிடலையே. ஓட்ஸ்."

அண்ணாத்தேயின் முகத்தில் சாவு விழுந்த வீட்டுக் களை வந்தது. "ஓட்ஸுக்கு நம்ப கைல வைத்தியம் இல்ல சார். அதுக்கு மொத நாளு?"

முதலாளி யோசித்தார். "மோர்க்குழம்பு."

"உள்ள இன்னா? பூசணிக்காயா, வெண்டக்காயா?"

"சேப்பங்கிழங்கு."

"வேகவெச்சா, வறுத்தா?"

"வறுத்துத்தான்" என்றார் முதலாளி. சொல்லும்போதே அவருடைய தோள் இரண்டும் கீழே இறங்கியது. கால்சட்டை நின்றது.

"இப்ப தட்டுங்க சார்."

பந்து பால்காரன் வீட்டு மாடு மாதிரி யாரும் ஓட்டாமலேயே நேராகப் போய்க் குழிக்குள் இறங்கியது.

பிறகு நான் அவரிடம் ரகசியம் கேட்டேன். "இதுல இன்னா ரகசியம் கீது? பயம்னா இன்னும் நடக்காதத நெனச்சிகினு கீறது. கொழம்பு நடந்து முடிஞ்சது. ரெண்டும் ஒரே மண்டைல நிக்காது நைனா" என்றார்.

அதற்குப் பிறகு மைதானமே மாறிப்போனது. போட்டிக்கு முந்தின நாள் கட்டாயம் குழம்பு வைக்க வேண்டும் என்று உறுப்பினர்கள் வீட்டில் அடம்பிடிப்பதாகக் கேள்வி. பெரிய பெரிய காரிலிருந்து இறங்குகிறவர்கள், வணக்கம் சொல்வதற்குப் பதிலாக, "வத்தக்குழம்புப்பா, சுண்டைக்காய்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்கள். வடநாட்டுக்காரர் ஒருவர் வருந்தி, "எங்க வீட்ல தால் மட்டும்தான்" என்றார். அண்ணாத்தே கொஞ்சம் யோசித்து, "பரவால்ல சார். தால்ல ஓட்டம் கம்மி. ஒரு அடி தூக்கித் தட்டுங்க" என்றார். அவர் அன்று ஜெயித்தார். அடுத்த வாரம் அண்ணாத்தேக்கு ஒரு கிலோ துவரம் பருப்பு வந்தது.

வெளியிலும் இதே கேள்விதான். ஒருநாள் பஸ்ஸில் கண்டக்டருக்கும் ஒரு பயணிக்கும் கைகலப்பு ஆகிற நிலை. இருவரும் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். அண்ணாத்தே நடுவில் நுழைந்து கண்டக்டரிடம் கேள்வியைப் போட்டார். கண்டக்டர் பிடித்த பிடியை விடாமலே, "காரக்கொழம்புப்பா" என்றார். "பூண்டு உரிச்சிப் போட்டதா?" "ஆமா." பயணி, "எங்க ஊட்லயும் அதான்" என்றார். பிறகு எந்தக் கையால் அடிப்பது என்று இருவருக்கும் மறந்துவிட்டது.

இப்போது என்னைப் பற்றி. மரங்களுக்கு முன்னால் நான் சாம்பியன். தனியாக ஆடினால் என் பந்து சொன்ன இடத்தில் போய் நிற்கும். ஆனால் நாலு பேர் பார்த்தால் போச்சு. ரேஷன் கடை மிஷினில் கட்டைவிரல் வைத்தால், பின்னால் நிற்கும் வரிசையை நினைத்து விரல் நடுங்கி, அந்த மிஷின் என்னை வேறு யாரோ என்று சொல்லும். போன தடவை கேடிகள் போட்டியில் முதல் அடியிலேயே பந்தை விட்டுவிட்டுப் புல்லை அடித்தேன். பறந்துபோன புல் எதிராளியின் வாயில் விழுந்தது. மேலே ஒரு ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டே போனது. யார் செய்தது என்று அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த வருடம் மட்டும் எப்படியும் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை வந்தது. காரணம் ஒரு சட்டை.

எங்கள் மைதானத்தில் கேடிகள் பச்சை மேல்சட்டை போடுவோம். முதுகில் எண் இருக்கும். என் எண் பதினேழு. இருபத்திரண்டு வருடமாக அங்கே என் பெயர் பதினேழுதான். "பதினேழு, பையை எடு." "பதினேழு நல்ல ஆளு, அதிகம் பேச மாட்டான்." தீபாவளி ஸ்வீட் பெட்டியின் மேலும் 17 என்று எழுதித்தான் கொடுப்பார்கள். இப்போது வார இறுதியில் குழந்தைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்க, பயிற்சியாளருக்கு ஒரு உதவியாளர் வேண்டும் என்று செயலாளர் அறிவித்தார். கேடிகள் போட்டியில் ஜெயிக்கிறவருக்கு அந்த வேலை. வெள்ளைச் சட்டை கொடுப்பார்கள். அதில் நெஞ்சுக்கு மேலே பெயர் தைத்திருக்கும்.

பெயர். எண் இல்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, வெட்கம். கொழம்பு அண்ணாத்தேயிடம் மட்டும் சொன்னேன். அவர் தலைத்துண்டை எடுத்துப் பிழிந்தார். "உன் பையை நான் தூக்கறேன்" என்றார்.

முதல் ஆட்டங்களை எப்படியோ தாண்டினேன். புளிக்குழம்பு ஒரு ஆட்டம், பருப்புருண்டைக் குழம்பு ஒரு ஆட்டம். அரையிறுதியில்தான் மாட்டிக்கொண்டேன். ஒரு அடி தூரத்துப் பந்து. குழந்தைகூடத் தட்டிவிடும். சுற்றிலும் எல்லாக் கேடிகளும். அண்ணாத்தே கேள்வியைக் கேட்டார். முந்தின நாள் எங்கள் வீட்டில் பழைய ரசமும் ஊறுகாயும்தான். அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

"கோழிக்கொழம்பு" என்றேன்.

"நாட்டுக்கோழியா?"

"ஆமா."

"தேங்கா அரைச்சா, அரைக்காமலா?"

இல்லாத கோழிக்குத் தேங்காய் அரைப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே தட்டினேன். பந்து குழியைச் சுற்றிக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தது.

"பொய்ச்சோறு துன்னா கை நடுங்கத்தான் நடுங்கும்" என்றார் அண்ணாத்தே. "ரசம்னு சொல்றதுக்கு இன்னா வெக்கம்? என்னாண்டயே கோழி உடறியே." ரசம் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. எதிராளி அடுத்த குழியில் பந்தைக் குளத்துக்குள் விட்டதால் பிழைத்தேன்.

இறுதி ஆட்டத்தில் எனக்கு எதிராளி பைபாஸ். வானகரத்துக்காரன். அவன் அடித்தால் பந்து மற்றவர்களைவிட ஐம்பது கஜம் கூடப் போகும். ஆனால் நேராகப் போகாது. ஊரைச் சுற்றிக்கொண்டுதான் வந்து சேரும். அதனால் அந்தப் பெயர். வாய் மட்டும் நேராக வரும்.

"இன்னா மாமே, இன்னிக்கும் புல்லு ஊட்டுவியா? நான் டிபன் துன்னுட்டேன்" என்றான் ஆரம்பத்திலேயே. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு தன்னை வைத்துச் சிரிப்பவர்களோடு சேர்ந்துகொள்வதைத் தவிர வேறு வழி தெரியாது.

ஒன்பது குழி ஆட்டம். ஒரு குழியைக் குறைந்த அடியில் முடித்தவனுக்கு அந்தக் குழி. எட்டுக் குழி முடிந்தபோது ஆளுக்கு மூன்று, மீதி இரண்டு சமம். கடைசிக் குழி. இருவரும் மூன்று தடவை அடித்துக் குழியருகே வந்துவிட்டோம். பைபாஸின் பந்து எட்டு அடி தூரத்தில். என் பந்து மூன்று அடி தூரத்தில். தூரத்தில் இருப்பவன் முதலில் அடிக்க வேண்டும். அவன் தவறவிட்டு, நான் உள்ளே போட்டால், சட்டை எனக்கு.

என் முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. செயலாளர் நிற்கிறார். உறுப்பினர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவர் ஒரு கண் டாக்டர். அவர் கையில் விதிப் புத்தகம்.

அண்ணாத்தே என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"நேத்து இன்னா கொழம்பு?"

"நெத்திலி கருவாட்டுக் கொழம்பு." இந்தத் தடவை நிஜம்.

"கூட இன்னா போட்டாங்க?"

"கத்திரிக்கா. மாங்கா."

"மாங்கா கொட்டையோடவா?"

"கொட்டையோட."

"கொட்டை யாருக்கு?"

"எனுக்குத்தான். பொண்ணு கேட்டா. குடுக்கல."

"எம்மா நேரம் சப்பின?"

நான் கண்ணை மூடினேன். மாங்கொட்டையின் நாரில் ஏறியிருந்த புளியும் காரமும் நாக்குக்கு வந்தன. என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத் தட்டு போட்டு மூடுகிற சத்தம் கேட்டது. மின்விசிறி கேட்டது. முழங்கால்கள் பேச்சை நிறுத்தின. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு அமைதியாக நான் இருந்தது கிடையாது. கல்யாண மேடையில் இல்லை, கோயிலில் இல்லை. கண்ணைத் திறந்தபோது செயலாளர் இல்லை, நாற்காலிகள் இல்லை, சட்டை இல்லை. புல் மட்டும் இருந்தது. அந்தப் புல்லில் ஒருவன் குனிந்து உட்கார்ந்து, பந்துக்கும் குழிக்கும் நடுவில் உள்ள சரிவைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தான். பைபாஸ் தன் பையைத் தானே தூக்கி வந்திருந்தான். அவனுக்குப் பின்னால் கேடி யாரும் இல்லை.

குனிந்து உட்கார்ந்திருக்கும் மனிதனுக்குப் பின்னால் உள்ள இடம் இருபத்திரண்டு வருடமாக என் இடம்.

நான் நிதானமாக நடந்து போனேன். அவன் பின்னால் குந்தினேன். ஒரு கண்ணை மூடிச் சரிவைப் பார்த்தேன்.

"பார்த்தா ரைட்டுக்குப் போற மாதிரி கீது சார். போகாது" என்றேன். "குழிக்கு லெஃப்ட் ஓரம். பயப்படாமத் தட்டுங்க."

சொல்லிவிட்டு எழுந்து, வழக்கம்போல் குழியில் நட்டிருந்த கொடியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, நிழல் குழியில் விழாதபடி தள்ளி நின்றேன்.

பைபாஸ் மெதுவாகத் திரும்பினான்.

"மாமே, என்னியா சார்ன?"

அப்போதுதான் எனக்குச் செயலாளர் தெரிந்தார். நாற்காலிகள் தெரிந்தன. கண் டாக்டர் விதிப் புத்தகத்தைப் புரட்டுவது தெரிந்தது. போட்டியில் எதிராளிக்கு வழி சொல்லக் கூடாது. சொன்னால் அந்தக் குழி அவனுக்குப் போய்விடும். இது எனக்குத் தெரியாததா? உறுப்பினர்களுக்கே நான்தான் அதைச் சொல்லிக்கொடுப்பேன்.

"வேற வழியில்லப்பா" என்றார் டாக்டர். அவருக்கே கஷ்டமாக இருந்தது. "குழி அவருக்கு. ஆட்டமும் அவருக்கு."

பைபாஸுக்குத்தான் மனம் கேட்கவில்லை. "இர்ரு சார், நான் இன்னும் அடிக்கவே இல்லையே" என்று பந்தைத் தட்டினான். குழிக்கு இடது ஓரத்தைப் பார்த்துத் தட்டினான். பந்து நேராக உள்ளே போனது. நான் சொன்ன வழி சரிதான். அதில் எனக்கு ஒரு நொடி சந்தோஷம்கூட வந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

வெள்ளைச் சட்டை பைபாஸுக்குப் போனது. அதில் தைத்திருந்ததைப் பார்த்துத்தான் அவன் பெயர் தனசேகர் என்று எங்களுக்குத் தெரிந்தது.

அன்று மைதானத்திலிருந்து நெடுஞ்சாலை பஸ் நிறுத்தம் வரை அண்ணாத்தே எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தார். கோபம் என்று நினைத்தேன். டீக்கடையில் இரண்டு டீ வாங்கினேன். அவர் கிளாஸை எடுத்தார். பாதி டீ சட்டையில் போனது. அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. சாதாரண நடுக்கம் இல்லை. என்னுடையதெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

"தப்பு எம்மேல பதினேழு" என்றார். "மருந்து ஜாஸ்தி ஆயிட்சி. கருவாட்டோட நிறுத்திகினு இருக்கணும். மாங்கொட்டைக்குப் போயிருக்கக் கூடாது."

"அத்த உடு அண்ணாத்தே."

"உன் பேரு சட்டைல வரும்னு இருந்தேன். பேரு இன்னான்னுகூட உன்னாண்ட கேக்கல. சட்டையில பார்த்துக்கலாம்னு உட்டுட்டேன்."

கிளாஸ் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு வேறு வைத்தியம் எதுவும் தெரியாது. அதனால் அவருடையதையே போட்டேன்.

"அண்ணாத்தே, நேத்து ஊட்ல இன்னா கொழம்பு?"

அவர் என்னைப் பார்த்தார். ஒரு பஸ் வந்து நின்று போனது.

"பன்னு" என்றார்.

"கொழம்பு அண்ணாத்தே."

"பன்னும் டீயும்தான் நைனா. நான் ஒண்டி ஆளு. அடுப்பு பத்தவெச்சி வருசம் ஆவுது." கிளாஸைக் கீழே வைத்தார். "அதான் எல்லார் ஊட்லயும் கேட்டுகினு கீறேன்."

இதை வீட்டில் சொன்னேன். என் மனைவி முறத்தைக் கீழே வைத்தாள். "அந்த மனுசன் இத்தினி வருசமா கேட்டுகினே கீறாரு. உனுக்கு ஒரு தபா திருப்பிக் கேக்கணும்னு தோணல?" என்றாள். தோன்றவில்லை. எனக்கு என் கை நடுக்கத்தைக் கவனிக்கவே நேரம் போதவில்லை.

அடுத்த ஞாயிறு விடியற்காலையிலேயே அவள் எழுந்து மொச்சைக்கொட்டைக் குழம்பு வைத்து ஒரு தூக்குச்சட்டியில் ஊற்றிக் கொடுத்தாள். எங்கள் கல்யாணத்துக்கு வந்த தூக்கு. மைதானத்தில் அதை அவரிடம் கொடுத்துவிட்டு, கூச்சத்தில் நிற்காமல் வந்துவிட்டேன். மதியம் வேப்பமரத்தடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யோவ் ஏழுமல."

நான் திரும்பவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அங்கே யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. வேறு யாரையோ என்று நினைத்தேன்.

"உன்னியத்தான்யா. புளி கம்மியா கீதுன்னு ஊட்ல சொல்லு."

தூக்கின் மூடியில் பெயர் வெட்டியிருப்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

அன்று முதல் ஞாயிறுதோறும் தூக்கு அவருக்குப் போகிறது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பார்கள். திருப்பிப் போட்டுத் தர அண்ணாத்தே வீட்டில் ஒன்றும் கிடையாது. அதனால் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் தூக்கைக் கழுவி, குளத்திலிருந்து எடுத்த ஒரு பந்தை உள்ளே போட்டுத் தருவார். வழியெல்லாம் பஸ்ஸில் அது கடகடவென்று உருளும். எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். கை மட்டும் ஏனோ நடுங்குவதில்லை.

இதை எழுதி முடித்தது ஆவணி மூன்றாம் நாள், திங்கட்கிழமை, மைதானத்துக்கு விடுமுறை. நேற்று முருங்கைக்காய் சாம்பார். எங்கள் வீட்டு அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் பந்து முப்பத்தொன்று. தூக்கு அவரிடம் இருக்கிறது.